எட்மோந்தின் மூன்றாவது ஜாடி

சான்சே ஆற்றங்கரையில் பூண்டு என்று வாயெடுத்தால் எட்மோந்த் பேர்தான் வரும். இல்லை என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு நாக்கு செத்துப்போச்சு என்று அர்த்தம். ஜூலையில் பிடுங்குவாள். தாளோடு காயவைப்பாள். தொண்ணூறு பூண்டை ஒரே சடையாகப் பின்னிப் புகைவீட்டு உத்தரத்தில் தொங்கவிடுவாள். கீழே சதுப்பில் வெட்டிக் காயவைத்த, விறகு மாதிரி எரிகிற மண்கட்டியும் மரத்தூளும் போட்டு, தீ நாக்கு நீட்டாமல் பத்து நாள் புகை காட்டுவாள். தீ எழும்பினால் பூண்டு வெந்துபோகும். புகை அவிந்தால் பூண்டு பச்சையாகவே நின்றுவிடும். ஆகவே பத்து நாளும் வேறு சோலி கிடையாது, போவதும் குனிந்து பார்ப்பதும்தான். இறக்கும்போது தோல் செம்புப் பாத்திரம் மாதிரி மின்னும். அந்தச் சடை அடுப்படிச் சுவரில் ஈஸ்டர் வரைக்கும் தொங்கும். முளைக்காது, சொத்தையும் விழாது.

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். மகன் லாரி ஓட்டுகிறான், பாதி நாள் ஸ்பெயின் பக்கம். மருமகள் நதேஜ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தம்பி லெயோன்ஸ் கல்யாணம் கட்டாதவன். கால்வாயில் சரக்குப் படகுகளை ஏற்றி இறக்கும் மதகு ஒன்றுக்கு அவன்தான் காவல், மதகோரத்து வீட்டிலேயே குடியிருப்பு. அந்த ஊரில் எந்த வீட்டில் புதுப்பெண் வந்தாலும் முதல் சடை எட்மோந்த் கையால்தான் போகும். அதைப் பற்றி அவளுக்குக் கர்வம் உண்டு. உண்டு என்றால் உண்டுதான், அதில் என்ன தப்பு.

அப்படிப்பட்ட கைக்குப் போன குளிர்காலத்தில் ஒரு கேடு வந்தது. கட்டைவிரல் மூட்டு இரண்டும் வீங்கி, காலையில் எழுந்தால் விரல் மடங்க மறுத்தது. பின்னுவதைக்கூட எப்படியோ சமாளித்தாள். தாளை நனைத்துக்கொண்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஒரு நாள் வேலையை மூன்று நாளாகச் செய்தாள். ஆனால் தினமும் சூப்புக்கு நாலு பல் உரிக்க வேண்டுமே! நகத்தால் தோலைப் பிடித்து இழுக்கிற அந்தச் சின்ன வேலையில் உயிர் போய் உயிர் வந்தது. கத்தியின் பக்கவாட்டில் நசுக்கிப் பார்த்தாள், கத்தியையே பிடிக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பூண்டு உரிக்க முடியாத எட்மோந்த் என்று ஊர் சிரிப்பதைவிட விரல் கழன்று விழட்டும் என்று இருந்துவிட்டாள்.

செப்டம்பரில் ஒரு யோசனை வந்தது. தினம் தினம் செத்துப் பிழைப்பதற்கு ஒரேயடியாகச் செத்துவிடலாமே! இரண்டு சடையை அவிழ்த்து, பல்லெல்லாம் வெந்நீரில் ஊறப்போட்டாள். ஊறினதும் தோல் சட்டையைக் கழற்றுகிற மாதிரி கழன்றது. மூன்று கண்ணாடி ஜாடி நிறைய அடுக்கி, மேலே சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி, இறுக மூடி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தாள். புகை பட்ட பூண்டே கெடாது, எண்ணெயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம் என்பது அவள் கணக்கு. வேறு ஊர்க்காரி யாராவது பச்சைப் பூண்டைப் போட்டு இப்படி வைத்தால் இவளே திட்டியிருப்பாள். புகையை நம்பின ஊரில் பிறந்தவளுக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

ஆறு வாரம் சௌகரியமாகப் போயிற்று. கரண்டியால் நாலு பல் எடு, பானையில் போடு, அவ்வளவுதான். மூன்றாவது ஜாடியைப் போன ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குக் கொடுத்தாள். தனி ஆள், ஒழுங்காகத் தின்பதில்லை, ரொட்டியில் வைத்தாவது தின்னட்டும் என்று.

புதன்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. நதேஜ் தோட்டத்து வெங்காயம் வாங்கிப்போக வந்தவள், உப்பு எடுக்க அலமாரியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

"அத்தை, இது என்ன?"

"பார்த்தாத் தெரியல? பூண்டு."

"எண்ணெய்க்குள்ளயா? எத்தனை நாளா இங்க இருக்கு?"

"மழைக்கு முன்னாடி போட்டது. ஏன், உனக்கும் ஒண்ணு வேணுமா?"

நதேஜ் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். முகர்ந்து பார்க்கவில்லை. அதுவே எட்மோந்துக்கு வினோதமாக இருந்தது.

"அத்தை, கோவப்படாதீங்க. போன வசந்தத்துல எங்களுக்கு ரெண்டு நாள் பாடம் எடுத்தாங்க. உரிச்ச பூண்டை எண்ணெயில போட்டு வெளிய வச்சா அதுக்குள்ள விஷம் ஊறும். மண்ணுல இருக்கற கிருமி. காத்து படாத இடத்துலதான் அது வளரும். எண்ணெய் காத்தை அடைச்சுடுது."

"என் பூண்டுல விஷமா? போடி இவளே! மோந்து பாரு, தேன் மாதிரி மணக்குது."

"அதுக்கு மணம் கிடையாது. ருசி கிடையாது. கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியும், இமை தொங்கும், நாக்கு தடிக்கும், அப்புறம் மூச்சு நிக்கும். அவ்வளவுதான் அடையாளம்."

"இது புகை போட்ட பூண்டு. ஈஸ்டர் வரைக்கும் கெடாது. உன் பள்ளிக்கூடத்துக்காரனுக்கு இங்கத்த பூண்டைப் பத்தி என்ன தெரியும்?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அவள் நின்றாள். நதேஜ் சுவரில் தொங்கிய சடையைத் தொட்டாள். விரலில் புகைப்பொடி ஒட்டியது. அந்த விரலை மாமியார் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"புகை எங்க இருக்கு அத்தை? தோல்ல இருக்கு. தோலைத்தான் நீங்க உரிச்சுப் போட்டுட்டீங்களே."

நாற்பது வருஷம் புகை போட்டவளுக்குத் தெரியாததா! தோலை உரித்தால் உள்ளே பல் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும். தினமும் கண்ணால் பார்த்தது. பார்த்தும் நினைக்கவில்லை.

"நீங்க பச்சையாச் சாப்பிட்டீங்களா?"

"எனக்குப் பச்சைப்பூண்டு நெஞ்சைக் கரிக்கும். எல்லாம் சூப்புலதான். ஒரு மணி நேரம் கொதிக்கும்."

"கொதிச்சாச் சரி. கொதிக்கற சூட்டுல அந்த விஷம் நிக்காது. மொத்தம் எத்தனை ஜாடி? இங்க ரெண்டுதான இருக்கு?"

எட்மோந்த் அலமாரியில் மூன்றாவது ஜாடி இருந்த காலி இடத்தைப் பார்த்தாள்.

"மூணு," என்றாள். "ஒண்ணு லெயோன்ஸ்கிட்ட. ரொட்டில வச்சுத் தின்னுடான்னு நான்தான் சொன்னேன்."

மதகு வீட்டுக்குத் தொலைபேசி போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நதேஜ் சின்னக் காரைக் கிளப்பினாள். ஐந்து நிமிஷப் பயணம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று எட்மோந்த் விரல் மடக்கி எண்ணப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை.

லெயோன்ஸ் மதகுக் கதவின்மேல் நின்று மசகு தடவிக்கொண்டிருந்தான். உயிரோடு நின்றான். அதைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது அவளுக்கு.

"டேய், அந்தப் பூண்டு ஜாடி எங்கடா?"

"வா அக்கா! என்ன ரெண்டு பேரும் ஜோடியா? பூண்டா? அருமை! வாயில வச்சதும் வெண்ணெய் மாதிரிக் கரைஞ்சிருச்சு."

"சாப்ட்டுட்டியா?"

"சாப்பிடாம? பாதி ஜாடி காலி."

"எப்படிச் சாப்ட்ட? வேகவச்சா?"

"பச்சையாத்தான். நீ சொன்ன மாதிரி ரொட்டில வச்சு. திங்கக்கிழமை அஞ்சு பல்லு, நேத்து எட்டுப் பல்லு. என் அக்கா கைப்பக்குவத்தை விடுவனா?"

நதேஜ் கிட்டே போய் அவன் முகத்தைத் திருப்பினாள். "மாமா, இது எத்தனை விரல்?"

"மூணு. என்னம்மா, உன் பள்ளிக்கூடத்துல என்னைச் சேர்க்கப் போறியா?"

"கண்ணை மேல தூக்குங்க. இப்பக் கீழ."

இடது இமை கொஞ்சம் தொங்கின மாதிரி எட்மோந்துக்குப் பட்டது. எப்போதும் அப்படித்தானா, இன்றைக்குத்தானா? கூடப்பிறந்தவன் முகம். ஐம்பது வருஷமாகப் பார்க்கிற முகம். அந்த நேரம் பார்த்து ஞாபகம் வரவில்லை. அவன் பேச்சும் கொஞ்சம் குழறினதா? சிரித்துக்கொண்டே பேசுகிறவனிடம் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

"கார்ல ஏறு," என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"மதகை விட்டுட்டு எப்படி வர முடியும்? மேல படகு வருது."

"மதகு நாசமாப் போகட்டும்! ஏறுடா!" அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்தாள். பிடித்த பிடியில் கட்டைவிரல் தீயாய் எரிந்தது, விடவில்லை. "அது விஷம்டா. என் கையால உனக்கு விஷத்தைக் குடுத்துட்டேன். மூச்சு நின்னு செத்துப்போயிடுவடா!"

லெயோன்ஸ் சிரிப்பதை நிறுத்தினான். அக்காவையும் நதேஜையும் மாறி மாறிப் பார்த்தான். யாரும் விளையாடவில்லை என்று புரிந்தது.

"அக்கா," என்றான் மெதுவாக. "நான் அதைத் திறக்கவே இல்ல."

"பொய் சொல்லாத!"

"இப்பச் சொல்றது நிஜம். முன்னாடி சொன்னதுதான் பொய். எண்ணெயில மிதக்கறதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். உன் மனசு நோகுமேன்னு..."

எட்மோந்துக்கு அவனைக் கட்டிக்கொள்வதா கன்னத்தில் அறைவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். முதலில் அறைதான்.

"அப்ப ஜாடி எங்க?" என்று நதேஜ் கேட்டாள்.

அவன் கன்னத்தைத் தடவினான். "காலைல ஒரு பெல்ஜியப் படகு போச்சு. பச்சைக்கூரை போட்டது. அகீலும் அவர் சம்சாரம் கொதலீவும். அவங்களுக்குக் குடுத்துட்டேன். அவங்க ஒரு சீஸ் குடுத்தாங்க."

"என் பூண்டைக் குடுத்துச் சீஸ் வாங்கினியா!" அந்த நிலைமையிலும் அவளுக்கு அது சுட்டது. மறுநிமிஷம் முகம் வெளுத்தது. தம்பியாவது தன் சொந்தம். அவர்கள் யாரோ எவரோ. ஜாடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நன்றி சொல்லி வாங்கிப் போனவர்கள். "படகுக்காரங்க எப்பச் சாப்பிடுவாங்க?"

"பன்னெண்டு அடிச்சா."

மணி பதினொன்றரை. லெயோன்ஸ் உள்ளே ஓடி அடுத்த மதகுக்குத் தொலைபேசி போட்டான். அங்கே காஸ்பார் என்று ஒருவன், கொஞ்சம் மந்தம்.

"பச்சைக்கூரைப் படகா? இப்பத்தான் உள்ள வந்துச்சு. தண்ணி இறக்கிட்டு இருக்கேன்."

"நிறுத்து! அவங்களை வெளிய விடாத. பூண்டைத் தின்ன வேண்டாம்னு சொல்லு."

"பூண்டைத் தின்னா என்ன, முத்தம் குடுக்க யாராவது வராங்களா?"

"விஷம்யா அது! போய்ச் சொல்லு!"

காஸ்பார் போய்விட்டு வந்து சொன்னான்: "சொன்னேன். அந்தம்மாவுக்கு நம்ம பேச்சு பாதிதான் புரியும் போல. சிரிச்சுக்கிட்டே கை ஆட்டுச்சு."

லெயோன்ஸ் தொலைபேசியோடு நின்றுகொண்டான். பெண்கள் இருவரும் கரையோரத் தார்ச்சாலையில் பறந்தார்கள். பீட்ரூட் ஏற்றின டிராக்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. நதேஜ் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. டிராக்டர்காரன் திரும்பிப் பார்த்து, எட்மோந்தை அடையாளம் கண்டு, தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னான். "ஒதுங்குடா பாவி!" என்று அவள் கத்தினது கண்ணாடிக்கு வெளியே போகவில்லை.

போய்ச் சேர்ந்தபோது தூரத்தில் கோயில் மணி பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியிருந்தது. மதகுக் குழியில் தண்ணீர் பாதி இறங்கியிருந்தது. அந்த ஆழத்தில் படகு. மேல்தளத்தில் சின்ன மேஜை. மேஜையில் ரொட்டி, வாணலி, நடுவில் அவள் ஜாடி. திறந்த ஜாடி.

கொதலீவ் உயரமான பெண். கத்தியில் ஒரு பல்லைக் குத்தி ரொட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்!" என்று எட்மோந்த் சுவர் விளிம்பில் மண்டியிட்டுக் கத்தினாள். "சாப்பிடாதீங்க!"

"நல்லது!" என்று கொதலீவ் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "ரொம்ப நல்ல பூண்டு! நீங்க செஞ்சது?"

"நான்தான். கீழ வைங்க. திருப்பிக் குடுங்க!"

கொதலீவின் சிரிப்பு மறைந்தது. ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "குடுத்தாச்சு. நாங்க சீஸ் குடுத்தோம். இப்பத் திரும்பக் கேக்கறதா? எங்க ஊர்ல அப்படி இல்ல."

"கெட்டுப்போச்சு அது. விஷம்!"

"கெடல. நல்ல வாசனை." அவள் ரொட்டியை வாய்க்குக் கொண்டு போனாள், சும்மா, இவளுக்குக் காட்டத்தான்.

காஸ்பார் தலையைச் சொறிந்தான். "பூண்டு ஊர்க்காரி, நீயே கெட்டுப்போச்சுன்னா யாரு நம்புவா?"

நியாயம்தானே. எட்மோந்த் தன் பூண்டைக் கெட்டது என்று வாழ்நாளில் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. அவள் இரண்டு கைகளையும் சுவருக்கு வெளியே நீட்டினாள். வீங்கின மூட்டு, கோணின கட்டைவிரல், மேலே நிற்கிற காஸ்பாருக்கும் தெரிந்தது, மருமகளுக்கும் தெரிந்தது.

"இதைப் பாருங்கம்மா. என் கை போயிடுச்சு. தினம் பூண்டு உரிக்க முடியல. வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல. மொத்தத்தையும் ஒரே நாள்ல உரிச்சு எண்ணெயில போட்டு ஒளிச்சு வச்சேன். அது தப்பு. என் தப்பு. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், தின்னாதீங்க."

எத்தனை வார்த்தை புரிந்ததோ. ஆனால் கை புரிந்தது. கொதலீவ் ரொட்டியை மெதுவாக இறக்கினாள். பிறகு படகின் உள்பக்கம் திரும்பி, "அகீல்!" என்று கூப்பிட்டாள். இந்த முறை குரல் வேறு.

தாடிக்காரர் ஒருவர் படியேறி வந்தார். கொதலீவ் மேலே பார்த்து ஒரே ஒரு விரலைக் காட்டினாள்.

"இவர் ஒண்ணு சாப்பிட்டார். பத்து மணிக்கு. பச்சையா."

அகீலைக் காரில் உட்காரவைத்து துவே ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொதலீவ் ஜாடியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் எட்மோந்த் முன்னிருக்கையிலிருந்து திரும்பித் திரும்பி அகீலின் கண்ணையே பார்த்தாள். "இந்தம்மா என்னை இப்படிப் பார்த்தா என் சம்சாரம் படகுலேர்ந்து தள்ளிடுவா," என்று அவர் தன் பாஷையும் இவர்கள் பாஷையும் கலந்து சொன்னார். நதேஜுக்குப் புரியும்படி கொதலீவ் கையால் தள்ளிக் காட்டினாள். எட்மோந்த் மட்டும் சிரிக்கவில்லை.

டாக்டர் கண்ணில் விளக்கடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். ஒரு நாள் வைத்துப் பார்த்தார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் எட்டுப் பத்து நாள் கழித்துக்கூட வரலாம், இமை தொங்கினால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி என்றார். ஜாடியைச் சோதனைக்கு அனுப்பினார். இன்னும் கொஞ்ச நாள் தங்கச் சொன்னதற்கு அகீல் கேட்கவில்லை. பார்லி ஏற்றின படகு, கெண்ட் நகரத்தில் காத்திருக்கிறார்கள், போயே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். எட்மோந்தே அந்தப் பிடிவாதத்துக்குத் தலை வணங்கினாள்.

அப்புறம்தான் அவளுடைய நரகம் ஆரம்பம். தினமும் காலையில் மதகுக்கு நடந்து போய் லெயோன்ஸின் தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பச்சைக்கூரைப் படகு எந்த மதகுக்குப் போனாலும் அந்த மதகுக்காரன் அகீலை நிறுத்தி, கண் ரெண்டாகத் தெரிகிறதா என்று பார்க்க, சுவரில் எழுதின நீர்மட்ட எண்ணைப் படிக்கச் சொல்லி, லெயோன்ஸுக்குச் சொன்னான். ரெண்டு புள்ளி நாலு என்று படித்தார், சரியாகப் படித்தார். அடுத்த மதகு. அடுத்த மதகு. எல்லை தாண்டின பிறகு கேட்க ஆளில்லை. நாலாம் நாள், ஐந்தாம் நாள் மணியே அடிக்கவில்லை. அவள் சாப்பிடவில்லை. லெயோன்ஸ் சூப் வைத்துக் கொடுத்தான், தண்ணீர் மாதிரி ஒரு சூப், பூண்டே போடாமல்.

"பூண்டு எங்கடா?"

"பயமா இருந்துச்சு அக்கா."

"சுவத்துல தொங்கறது நல்ல பூண்டுடா மடையா! போடு!"

எட்டாம் நாள் டாக்டரிடமிருந்து நதேஜுக்குச் செய்தி வந்தது. ஜாடியில் கிருமி இருந்தது. விஷம் இன்னும் ஊறவில்லை. ஆறு வாரத்தில் ஊறியிருக்கலாம், ஊறாமல் போனது அதிர்ஷ்டம். அன்றே எட்மோந்த் வீட்டிலிருந்த இரண்டு ஜாடியையும் டாக்டர் சொன்னபடி, மூடியை மறுபடி திறக்காமலே, பைக்குள் பை போட்டுக் கட்டி ஒழித்துக்கட்டினாள். அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் நதேஜ் வந்து மூன்று நாலு நாளைக்கு வேண்டியதை மட்டும் உரித்து, எண்ணெய் படாமல் சின்ன டப்பாவில் குளிர்பெட்டியில் வைக்கிறாள். மிச்ச நாளுக்கு லெயோன்ஸ் உரிக்கிறான். மோசமாகத்தான் உரிக்கிறான், பல்லில் பாதி தோலோடு போகிறது. அவள் வாயை மூடிக்கொண்டு பார்க்கிறாள். முக்கால்வாசி நேரம் மூடிக்கொண்டு.

பத்தாம் நாள் மதகில் மணி அடித்தது. லெயோன்ஸ் எடுப்பதற்கு முன் எட்மோந்த் பறித்தாள்.

"யாரு?"

"அகீல். கெண்ட்லேர்ந்து." கணீரென்று குரல், நாக்கில் தடிப்பு இல்லை. "கண்ணு ஒண்ணு ஒண்ணாத்தான் தெரியுது. சம்சாரம் ஒருத்திதான் நிக்கறா. ரெண்டு பேர் தெரிஞ்சா எனக்குச் சந்தோஷம்தான்."

எட்மோந்த் தொலைபேசியை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். லெயோன்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அம்மா, இருக்கீங்களா? அடுத்த மாசம் திரும்ப அந்தப் பக்கம் வர்றோம். கொதலீவ் கேக்கறா, பூண்டு கிடைக்குமான்னு. அந்த ஒரு பல்லோட ருசி நாக்குலயே நிக்குது."

"கிடைக்கும்," என்றாள் எட்மோந்த். "ஒரு முழுச் சடை எடுத்து வைக்கறேன். ஆனா தோலோடதான் தருவேன். உரிக்கறது உங்க பாடு."